சாரிஸார்ட் வேண்டுமா? தோட்டப் பட்டணத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போக்கிமோன் என்பது கற்பனை உயிரினங்களைப் பிடித்து, வளர்த்து, மோதவிடும் விளையாட்டு. மலேசியாவில், பேராவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணத்தில் அதை விளையாடத் தொடங்கும் பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் கேட்பது சாரிஸார்டைத்தான். ஆரஞ்சு நிற உடம்பு, இரண்டு பெரிய சிறகு, வால் நுனியில் அணையாத தீ, வாயைத் திறந்தால் பாறையையும் உருக்கும் நெருப்பு. 1996 பிப்ரவரியில் ஜப்பானில் வெளிவந்த முதல் விளையாட்டுகளிலிருந்தே அது இருக்கிறது; போக்கிடெக்ஸில், அதாவது போக்கிமோன்களின் தகவலேட்டில், 6ஆம் எண். தன்னைவிட வலுக்குறைந்தவர் மீது நெருப்பைத் திருப்பாது என்று போக்கிடெக்ஸ் சொல்லும். அந்தக் குணத்துக்காகவே எனக்கு அதை ரொம்பப் பிடிக்கும்.

ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால் சாரிஸார்ட் கைக்கு வந்ததும் இருக்கிற கேண்டி, ஸ்டார்டஸ்ட் (போக்கிமோனை வளர்க்கச் செலவாகும் பொருள்கள்) எல்லாவற்றையும் அதற்கே கொட்டிவிட்டு மற்ற போக்கிமோன்களை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பிறகு ஜிம்மில் (போக்கிமோன்களை மோதவிடும் களத்தில்) ஒரே கல்லடியில் அது விழும்போது விளையாட்டே கசந்துபோகிறது. சாரிஸார்டுக்குத் துணை வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அதைச் சுற்றித்தான்.

முதல் படி: அதன் பலவீனத்தை மனப்பாடம் செய்யுங்கள்

பார்க்க டிராகன் போல இருந்தாலும், விளையாட்டின் கணக்கில் சாரிஸார்ட் டிராகன் வகை கிடையாது. தீ வகை, பறக்கும் வகை இரண்டும் சேர்ந்தது. டிராகன்களுக்குப் பேர்போன சாம்பியன் லான்ஸ் கோல்டு, சில்வர் விளையாட்டுகளில் ஒரு சாரிஸார்டையும் களமிறக்குவார். அதைப் பார்த்துக் குழம்பியவர்கள் நிறையப் பேர். டிராகன் வகை என்றால் நீர், மின்சாரத் தாக்குதல்கள் பாதிதான் உறைக்கும். சாரிஸார்டுக்கோ இரண்டுமே இரு மடங்கு. பாறைத் தாக்குதல் என்றால் நான்கு மடங்கு: தீ வகையாக இருப்பதால் இரண்டு, பறக்கும் வகையாக இருப்பதால் அதன்மேல் இன்னொரு இரண்டு. கைப்பேசியில் ஆடும் ‘போக்கிமோன் கோ’ விளையாட்டில் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும், அங்கே 1.6 மடங்கு, பாறைக்கு மட்டும் 2.56 மடங்கு.

நல்ல பக்கமும் உண்டு. முதன்மை விளையாட்டுகளில் (கேம்பாய், ஸ்விட்ச் போன்ற கருவிகளில் ஆடுபவை) நில வகைத் தாக்குதல் அதைத் தொடவே தொடாது. புல், பூச்சி இரண்டும் கால் பங்குதான். தீ, சண்டை, எஃகு, ஃபேரி பாதி. எதிரில் புல்லோ பூச்சியோ எஃகோ நின்றால் தயங்காமல் இறக்குங்கள்.

அடிப்படை எண்களையும் ஒருமுறை பாருங்கள். வேகம் 100, சிறப்புத் தாக்குதல் 109, சாதாரணத் தாக்குதல் 84, தற்காப்பு 78, உயிர் 78. முந்திக்கொண்டு நெருப்பால் அடிக்கத் தெரிந்ததற்கு அடி தாங்கும் தெம்பு அவ்வளவு இல்லை. அதனால் பல்லால் கடிக்கிற, நகத்தால் கீறுகிற மூவ்களைவிட (மூவ் என்றால் தாக்கும் முறை), தூரத்திலிருந்து ஊதுகிற மூவ்களே இதற்குப் பொருத்தம்.

இரண்டாம் படி: எந்த வழியாக நுழைவது

கையில் ஒரு கைப்பேசி இருந்தால் போக்கிமோன் கோ போதும். மலேசியாவுக்கு 2016 ஆகஸ்டில் வந்தது, இலவசம். சின்னப் பிள்ளை என்றால் கணக்கு திறக்கும்போது பெற்றோர் பக்கத்தில் இருக்கட்டும். பணம் கட்டி எதையும் வாங்காமலேயே சாரிஸார்ட் வரை போய்விடலாம்.

நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற விளையாட்டுக் கருவி வைத்திருப்பவர்கள் விளையாட்டை வாங்குவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள், ஒவ்வொரு காட்ரிட்ஜும் நல்ல விலை. 2018இல் வந்த லெட்ஸ் கோ விளையாட்டில் 50 போக்கிமோன்களைப் பிடித்துவிட்டு ரூட் 24க்குப் போனால், சாரிஸார்டின் குட்டி வடிவமான சார்மாண்டர் பரிசாகக் கிடைக்கும். 2019இல் வந்த ஸ்வோர்ட், ஷீல்டில் கதையை முடித்துச் சாம்பியன் ஆன பிறகு, போஸ்ட்விக் ஊரில் முந்தைய சாம்பியன் லியோனின் அறையில் ஒரு சார்மாண்டர் காத்திருக்கும். 2022இல் வந்த ஸ்கார்லெட், வயலட்டில் மூல விளையாட்டின் வரைபடத்தில் சார்மாண்டரைத் தேடிப் பயனில்லை. தனியாகக் காசு கொடுத்து வாங்கும் இண்டிகோ டிஸ்க் பகுதிக்குள் போக வேண்டும். சாரிஸார்டுக்காகவே வாங்குகிறீர்கள் என்றால் லெட்ஸ் கோவை வாங்குங்கள். சீக்கிரமாகக் கிடைத்துவிடும், எவால்வ் ஆவதை (அடுத்த வடிவமாக மாறுவதை) நிதானமாகப் பார்த்து ரசிக்கலாம்.

பழைய கேம்பாய் அட்வான்ஸ் காட்ரிட்ஜ் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மலிவாகக் கிடைத்தால் கவனம். ஃபயர்ரெட் என்ற பழைய போக்கிமோன் விளையாட்டுக்குப் போலிகள் ஏராளம், சேவ் செய்தது காணாமல் போகும். பிள்ளை மாதக்கணக்கில் வளர்த்தது ஒரே நாளில் அழிந்து போவதைப் பார்க்கச் சகிக்காது.

மூன்றாம் படி: 125 கேண்டி

கோ விளையாடுகிறவர்களுக்கு நேரம் அதிகம் போகும் இடம் இது. சார்மாண்டரைச் சார்மீலியன் ஆக்க 25 கேண்டி, அதைச் சாரிஸார்ட் ஆக்க இன்னும் 100.

ஒரு சார்மாண்டரைப் பிடித்தால் 3 கேண்டி. அதை ப்ரொஃபெசருக்கு அனுப்பிவிட்டால் மேலும் 1. பிடிக்கும் முன் பினாப் பழம் கொடுத்தால் அந்த 3 என்பது 6 ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பினாப் இல்லாமல் சுமார் 32 சார்மாண்டர் தேவை, பினாப்போடு சுமார் 18 போதும். ஆகவே கண்ணில் படுகிற எல்லாவற்றுக்கும் பினாப்பைச் செலவழிக்காமல் சார்மாண்டருக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

தோட்டத்துக்குள் வசிப்பவர்களுக்கு ஒரு சிரமம் உண்டு. பந்தும் பழமும் தரும் போக்கிஸ்டாப் என்பது பெரும்பாலும் கோயில், சிலை, பூங்கா, ரயில் நிலையம் மாதிரியான பொது இடம். லயத்து வாசலில் அது இருக்காது. செம்பனைக்குள்ளே போக்கிமோன் தோன்றுவதும் அரிது. இதற்கு மூன்று வழி.

சார்மாண்டரை ‘பட்டி’யாக (buddy, கூடவே நடக்கும் தோழனாக) வைத்துக்கொள்ளுங்கள். 3 கிலோமீட்டருக்கு ஒரு கேண்டி தரும். நடையை மட்டும் நம்பினால் 125 கேண்டிக்கு 375 கிலோமீட்டர், அதாவது கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்கு நடப்பதைவிட அதிகம். அதனால் நடையை ஒரு துணை வருமானமாக வையுங்கள். அட்வெஞ்சர் சிங்க் என்ற அமைப்பை இயக்கிவிட்டால் செயலி மூடியிருந்தாலும் தூரம் ஏறும். பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுபோக முடியாத பிள்ளைகள் மாலையில் கடைக்கோ கோயிலுக்கோ நடக்கும்போது அதைப் பையில் போட்டுக்கொள்ளலாம். மோட்டாரில் பறந்தால் தூரம் கணக்கில் வராது. நடக்க வேண்டும்.

அடுத்தது, தினமும் ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் டெய்லி அட்வெஞ்சர் இன்சென்ஸ். 15 நிமிடம் வேலை செய்யும், நடந்துகொண்டே இருந்தால் போக்கிமோன் வந்துகொண்டே இருக்கும். லயத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. ஒரு நாளும் வீணாக்காதீர்கள்.

மூன்றாவது, வெயில். கோ விளையாட்டில் ஊரின் வானிலையே விளையாட்டின் வானிலை. வெயில் அடித்தால் தீ வகை அதிகம் தலைகாட்டும், வலுவும் கூடியிருக்கும். மழை வந்தால் நீர், மின், பூச்சி வகைகளுக்குக் கொண்டாட்டம். பேராவில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் இடியோடு இறங்குகிறது. ஆகவே சார்மாண்டர் தேடுகிறவர்களுக்கு விடுமுறை நாளின் காலை நேரமே நல்ல நேரம். பட்டணத்துக்கு வந்து கோயில், ரயில் நிலையம், பூங்கா என்று ஒரு சுற்று நடந்தால் பந்தும் பழமும் நிறையும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எலிக்காகச் செம்பனைக்குள் நாகம் திரியும். பொழுது சாய்ந்த பிறகு திரையைப் பார்த்துக்கொண்டு காட்டுக்குள் போகாதீர்கள். தோட்டத்துச் செம்மண் சாலையில் குலை ஏற்றிப் போகும் லாரிக்கு உங்களைத் தெரியாது. இடி முழங்கினால் திறந்த வெளியில் நிற்காமல் கடைகளின் ஐந்தடிப் பாதைக்கு வந்துவிடுங்கள். சார்மாண்டர் நாளைக்கும் வரும்.

நான்காம் படி: அவசரப்பட்டு எவால்வ் செய்யாதீர்கள்

125 கேண்டி சேர்ந்ததும் விரல் துடிக்கும். அதற்கு முன் அப்ரைஸ் செய்து பாருங்கள். தாக்குதல், தற்காப்பு, உயிர் மூன்றுக்கும் தனித்தனிக் கோடு வரும், ஒவ்வொன்றுக்கும் 15 உச்சம். பிடித்ததில் மூன்று கோடும் கூடுதலாக நிரம்பியிருக்கும் சார்மாண்டரைத் தேர்ந்தெடுங்கள். முதலில் பிடித்தது என்ற பாசத்தில் கோடுகள் குறைந்த ஒன்றுக்கு 125 கேண்டியையும் செலவழித்துவிடாதீர்கள். பாசம் இருந்தால் அதை எவால்வ் செய்யாமல் அப்படியே பட்டியாக வைத்துக்கொள்ளலாம்.

பிறகு ப்ளாஸ்ட் பர்ன். கோ விளையாட்டில் சாரிஸார்டின் மிகச் சிறந்த தீ மூவ் இதுதான். சாதாரணமாக எவால்வ் செய்தால் கிடைக்காது. சார்மாண்டருக்கான கம்யூனிட்டி டே (ஒரு போக்கிமோன் மட்டும் ஏராளமாகத் தோன்றும் சிறப்பு நாள்) நடக்கும்போது, அறிவித்த நேரத்துக்குள் எவால்வ் செய்தால் கிடைக்கும். முதன்முதலில் 2018 மே மாதம் நடந்தது, 2020 அக்டோபரிலும் 2023 செப்டம்பரிலும் திரும்ப வந்தது. இடைப்பட்ட காலத்தில் எலைட் சார்ஜ்டு டிஎம் என்ற பொருள் ஒன்று கையில் இருந்தால் அதைக் கொண்டும் கற்பிக்கலாம். கம்யூனிட்டி டே வழக்கமாகப் பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை, அதாவது நம் மழை நேரம். குடையையும் பவர் பேங்கையும் எடுத்துக்கொண்டு பட்டணத்திலேயே இருங்கள்.

வேக மூவாக ஃபயர் ஸ்பின், பெரிய மூவாக ப்ளாஸ்ட் பர்ன். இது ரெய்டுக்கு, அதாவது பலர் சேர்ந்து ஒரு வலுவான போக்கிமோனை எதிர்க்கும் சண்டைக்கு. இரண்டாவது பெரிய மூவைத் திறக்க 10,000 ஸ்டார்டஸ்டும் 25 கேண்டியும் போதும். மற்றப் பல போக்கிமோன்களுக்கு ஆகும் செலவோடு பார்த்தால் இது மலிவு. அதில் டிராகன் கிளாவை வைத்தால் பயிற்சியாளர்களோடு மோதும்போது எதிராளியின் தடுப்பைச் சீக்கிரம் தீர்க்கலாம்.

ஸ்விட்ச்சில் இந்தத் தலைவலி இல்லை. லெவல் 16இல் சார்மீலியன், லெவல் 36இல் சாரிஸார்ட், தானாகவே நடக்கும்.

ஐந்தாம் படி: துணை சேர்ப்பது

போக்கிமோனின் முதல் கதையே இந்தப் பாடத்தைச் சொல்கிறது. அந்தக் கதை நடக்கும் காண்டோ வட்டாரத்தில் சார்மாண்டரோடு கிளம்பினால் முதல் ஜிம்மில் ப்ராக், பாறை வகை. இரண்டாவது ஜிம்மில் மிஸ்டி, நீர் வகை. மூன்றாவதில் லெப்டினன்ட் சர்ஜ், மின் வகை. சாரிஸார்டின் மூன்று பலவீனமும் வாசலிலேயே வரிசை கட்டி நிற்கின்றன. நான்காவது ஜிம்மில் எரிகாவின் புல் வகை வரும்போதுதான் மூச்சு விட முடியும். அதுவரை துணையில்லாமல் போகிறவர் ஒவ்வொரு ஜிம் வாசலிலும் மணிக்கணக்கில் லெவல் ஏற்றிக்கொண்டு நிற்பார்.

ஃபயர்ரெட் விளையாடுகிறவர் என்றால் ப்ராக்கிடம் போவதற்கு முன் ரூட் 22இல் ஒரு மேங்கியைப் பிடியுங்கள். சண்டை வகை பாறையைப் பிளக்கும். சார்மாண்டரே லெவல் 13இல் மெட்டல் கிளா கற்கும், அதுவும் கைகொடுக்கும். மிஸ்டிக்கு விரிடியன் காட்டில் பிடித்த பிகாச்சு. சர்ஜுக்கு வெர்மிலியன் பக்கத்திலுள்ள டிக்லெட் குகையில் ஒரு டிக்லெட். மின் தாக்குதல் அதை ஒன்றும் செய்யாது.

எந்த விளையாட்டானாலும் பொருந்துகிற ஒரு துணையைச் சொல்லச் சொன்னால் நான் ஸ்வாம்பர்ட்டைச் சொல்வேன். நீரும் நிலமும் சேர்ந்த வகை. பாறைத் தாக்குதல் அதற்குப் பாதிதான், முதன்மை விளையாட்டுகளில் மின்சாரம் ஏறவே ஏறாது. அதன் ஒரே பலவீனம் புல், நான்கு மடங்கு. அந்தப் புல்லைத்தான் சாரிஸார்ட் சாம்பலாக்கிவிடுமே. ஒன்று விழுகிற இடத்தில் மற்றது எழுந்து நிற்கும். இந்த இரண்டையும் பக்கம் பக்கமாக வளர்ப்பதில் கிடைக்கிற நிறைவு தனி. ஸ்வாம்பர்ட் இல்லாத விளையாட்டில் அதே வகையைச் சேர்ந்த குவாக்சையர், விஸ்காஷ் உதவும். நீர் வகைக்கு எதிராக வீனசார் போன்ற ஒரு புல் போக்கிமோனைச் சேர்த்தால் மூன்று ஓட்டையும் அடைபட்டுவிடும்.

ஸ்டார்டஸ்டைப் பிரிக்கும்போதும் இந்த மூவரையும் சமமாகக் கவனியுங்கள். மூன்றும் நடுத்தர அளவில் இருப்பது, ஒன்று மட்டும் உச்சத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு பயன்.

ஆறாம் படி: ஸ்விட்ச்சில் சண்டைக்குத் தயார் செய்வது

தீ மூவில் ஃப்ளேம்த்ரோவர் எடுப்பதா ஃபயர் ப்ளாஸ்ட் எடுப்பதா என்று எல்லோரும் கேட்பார்கள். ஃப்ளேம்த்ரோவரின் வலு 90, ஒருபோதும் சும்மா தவறாது. ஃபயர் ப்ளாஸ்டின் வலு 110, ஆனால் நூற்றுக்கு 85 தான் படும். புதியவர்கள் ஃப்ளேம்த்ரோவரே எடுங்கள். அடி தாங்காத போக்கிமோனுக்கு ஒரு தவறிய அடி என்பது பெரும்பாலும் கடைசி அடி. கூடவே ஏர் ஸ்லாஷ், டிராகன் பல்ஸ்.

நான்காவதாக சோலார் பீம். தீ வகைக்குப் புல் மூவ் எதற்கு என்று தோன்றும். வெயில் இல்லாதபோது சோலார் பீமுக்கு ஒரு சுற்று சக்தி சேர்க்க வேண்டும், வெயில் இருந்தால் உடனே பாயும். வெயிலில் தீ மூவ்களும் ஒன்றரை மடங்கு, நீர் மூவ்கள் பாதி. நீரும் பாறையும் சாரிஸார்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வரும்போது சோலார் பீம்தான் பதில். வெயிலைக் கொண்டுவர ட்ரவுட் திறன் உள்ள டோர்கோலை முதலில் இறக்குங்கள். சாரிஸார்டின் மறைந்த திறனான சோலார் பவர் இருந்தால் வெயிலில் சிறப்புத் தாக்குதல் ஒன்றரை மடங்காகும், பதிலுக்கு ஒவ்வொரு சுற்றிலும் உயிரில் எட்டில் ஒரு பங்கு குறையும். டோர்கோல், சாரிஸார்ட், வீனசார் மூன்றும் சேர்ந்த வெயில் அணி ஸ்வோர்ட், ஷீல்டு காலத்துப் போட்டிகளில் பேர் பெற்றது.

மற்றவரோடு மோதத் தொடங்கிவிட்டால் ஸ்டெல்த் ராக் என்ற மூவைச் சந்திப்பீர்கள். களத்தில் மிதக்கும் கற்கள் அவை. சாரிஸார்ட் உள்ளே நுழைந்த நொடியே பாதி உயிர் போய்விடும். இதற்காகவே ஹெவி-டியூட்டி பூட்ஸ் என்ற பொருள் இருக்கிறது. வேறு எதையும் யோசிக்காமல் அதை மாட்டிவிடுங்கள்.

மெகா பற்றிச் சுருக்கமாக

2013இல் எக்ஸ், வை விளையாட்டுகள் வந்தபோது சாரிஸார்டுக்கு இரண்டு மெகா வடிவம் (தற்காலிகமாக வலுவடையும் வடிவம்) கிடைத்தது. கறுப்பு உடம்பும் நீல நெருப்பும் கொண்ட மெகா எக்ஸ்தான் உண்மையான டிராகன் வகை, தீயும் டிராகனும். பாறை அடி நான்கிலிருந்து இரண்டாகக் குறையும், ஆனால் நிலமும் டிராகனும் புதிதாகச் சுடும். மெகா வை பழைய வகையிலேயே இருந்துகொண்டு, வரும்போதே வெயிலைக் கொண்டுவரும், சிறப்புத் தாக்குதல் 159. கோ விளையாட்டில் முதல் முறை மெகா ஆக்க 200 மெகா எனர்ஜி வேண்டும், அது மெகா ரெய்டில் கிடைக்கும். ரெய்டுக்குத் தனியாகப் போகாதீர்கள். பட்டணத்தில் விளையாடும் அண்ணன் அக்காக்களைச் சேர்த்துக்கொண்டு போங்கள். தீ வகைத் தாக்குதலுக்கென்றே வளர்க்கிறீர்கள் என்றால் வை, தோற்றத்துக்காக என்றால் எக்ஸ்.

ஜிம்மில் எப்போது இறக்குவது

கோ விளையாட்டில் சாரிஸார்டை ஜிம்மைக் காக்க நிறுத்தாதீர்கள். கல் எறியத் தெரிந்த எந்த ராம்பார்டோஸும் ரைபீரியரும் அதை நொடியில் கீழே தள்ளிவிடும். காவலுக்கு ப்ளிஸ்ஸி, ஸ்னோர்லாக்ஸ் போன்று உயிர் அதிகமுள்ளவற்றை நிறுத்துங்கள். சாரிஸார்ட் ஜிம்மைப் பிடிக்கப் போகட்டும்; உள்ளே எஃகு, புல், பூச்சி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

காவல் நிற்கும் போக்கிமோன் 10 நிமிடத்துக்கு ஒரு காயின் சம்பாதிக்கும், ஒரு நாளைக்கு 50 தான் உச்சம். பட்டணத்து ஜிம்மில் போட்டி குறைவாக இருக்கும் வார நாட்களில் இது எளிதாகச் சேரும். 200 காயின் சேர்ந்ததும் கடையில் பளபளக்கும் உடைகளைப் பார்க்காமல் போக்கிமோன் ஸ்டோரேஜை 50 இடம் கூட்டிக்கொள்ளுங்கள். அடுத்த கம்யூனிட்டி டேயில் பிடிக்கிற சார்மாண்டர்களுக்கு இடம் வேண்டும்.